மிலாறுப் புகை

பன்றிக் குடல் கழுவிய தண்ணீரை அப்புறம் கொட்டிக்கொள்ளலாம் என்று வாளியோடு சமையல் குசினி வாசலில் வைத்தவன் வீரய்யாதான். வைத்ததை மறந்தவனும் அவன்தான். உப்பு டப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வந்து அந்த வாளிக்குள் காலை விட்டவனும் அவனேதான். வாளி உருண்டது. தண்ணீர் எங்கே போகக் கூடாதோ அங்கே நேராகப் போனது. சுவரோரமாகச் சாய்த்துப் பல வாரமாய்க் காயப்போட்டிருந்த மிலாறு, அதாவது கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகள், அத்தனையும் பன்றி நாற்றத்தோடு நனைந்து சொட்டின.

துரை பங்களாவில் சமையல் கோக்கியாக வந்து சேர்ந்த நாளிலிருந்து அவன் கவிழ்க்காத பாத்திரம் இல்லை. மற்றவர்களுக்கு மூளை வைத்த இடத்தில் மாரியாத்தா தனக்கு மூன்றாவதாக ஒரு முழங்கையை வைத்துவிட்டாள் என்பது அவனுடைய சொந்தக் கணிப்பு.

உள்ளேயிருந்து மீனம்மா சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே இழுப்பாக மாறியது. துருப்பிடித்த கீலில் ஒரு கதவை யாரோ மெல்லத் திறந்து மெல்ல மூடுவது போன்ற சத்தம். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சத்தத்தில்தான் அவன் தூங்கி, அந்தச் சத்தத்தில்தான் விழித்தான்.

அதற்காகத்தான் இந்தப் பங்களா வேலையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். லயத்துக் காம்பிராவில், கூலிகளின் வரிசை வீட்டு ஒற்றை அறையில், அடுப்புப் புகைக்குப் போக்கிடம் கிடையாது. அங்கே போனால் அவள் ஒரு மழைக்காலம் தாங்க மாட்டாள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். குசினிக்குப் பின்னாலிருந்த அவர்களுடைய அறையில் இரும்படுப்பின் சூடு இருந்தது. புகை கூண்டு வழியே வெளியே போனது. போன மாதம் சூப்பில் இரண்டு தடவை உப்புப் போட்டதற்கு, இன்னொரு தப்பு நடந்தால் லயத்துக்குப் போய்விடு என்று துரை சொல்லியிருந்தார். இன்றைக்கு நத்தார், கிறிஸ்துமஸ் விருந்து. பக்கத்துத் தோட்டத்துத் துரைமார் வருகிறார்கள். மேஜைக்கு, மிலாற்றில் புகை போட்ட சோசேஜ் வேண்டும்; மீனம்மாவின் வாயில் அது குடல் புட்டு.

"எப்படி இருக்கு புள்ள?" என்று வாசலிலிருந்தே கேட்டான்.

"மகாராணி மாதிரி இருக்கேன். கிரீடந்தான் வரலை."

அந்த வருஷம் மகாராணி இலங்கைக்கு வந்துபோனதிலிருந்து இதுதான் அவள் பதில். அதற்கு முன்னால் வேறு கேலி. அவளுடைய நெஞ்சைப் பற்றி நேராக ஒரு பதிலை அவன் ஒருநாளும் வாங்கியதில்லை.

காய்ந்த மிலாறு கேட்பாரில்லாமல் கிடக்கிற இடம் தோட்டத்தில் ஒன்றே ஒன்றுதான். பொதைகுழி மலை. செத்தவர்களைத் தேயிலைக்கு நடுவில் புதைத்து, தலைமாட்டில் ஒரு கன்றை நட்டுவிடுவார்கள். அங்கே கவ்வாத்து வெட்டினால் மிலாற்றை யாரும் வீட்டுக்குத் தூக்குவதில்லை. குழிகளின் மேலேயே பரப்பிவிட்டு இறங்கிவிடுவார்கள். கீழே படுத்திருக்கிறவர்களுக்கு அதுதான் கம்பளி. அக்கரப்பத்தனைக் குளிர் செத்தவனையும் சும்மா விடாது.

வீரய்யா முழங்காலைப் பிடித்துப் பிடித்து ஏறினான். பனி இறங்கியிருந்தது. அவனுடைய மூச்சு வாயிலிருந்து வெள்ளையாய்ச் சுருண்டு முன்னால் போக, அவன் அதன் பின்னால் போனான்.

"கோவிச்சுக்காதீங்க, ஒரு கட்டுதான். துரை வீட்டு விருந்து," என்று பொதுவாகச் சொல்லிவைத்தான். யாரும் மறுப்புச் சொல்லவில்லை. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டான்.

மிலாற்றை வாரித் தூக்கியபோது அடியிலிருந்த மண் வெதுவெதுப்பாக இருந்தது. அதிலிருந்து ஆவி எழுந்தது. போர்வைக்குள் இவ்வளவு நேரமும் யாரோ விட்டுக்கொண்டிருந்த மூச்சைப் போல. அவன் திரும்பிப் பார்க்காமல் இறங்கினான். இறங்கினான் என்பதைவிட உருண்டான் என்பது சரி.

வந்து பார்த்தால் வேலை முடிந்திருந்தது. இறைச்சியை அடைப்பதற்கு முன்னால் குடலில் ஓட்டை இருக்கிறதா என்று வாயால் ஊதிப் பார்க்க வேண்டும். அது அவன் வேலை. அவள் நெஞ்சு அதற்கு ஆகாது. மீனம்மா அத்தனை குடலையும் தானே ஊதி, மிளகும் சாதிக்காயும் சேர்த்து அரைத்த பன்றி இறைச்சியைப் புனல் வைத்துத் திணித்து, முறுக்கி, நூல் கட்டி, கம்பில் வரிசையாகப் போட்டிருந்தாள்.

"யாரு புள்ள ஒன்ன ஊதச் சொன்னா?"

"நீங்க விழுந்து எந்திரிச்சு வாரதுக்குள்ள துரைக்குப் பசிச்சிருமே. குடல் புட்டு தயாரா இருக்கு. போயி புகையைப் போடுங்க."

சொல்லிவிட்டு அவள் சிரிக்கவில்லை. அவளுக்கும் சேர்த்து அவனே சிரித்தான்.

புகை போடுகிற இடம், குசினிக்குப் பின்னால் தகரக் கூரை வேய்ந்த பழைய கோழிக்கூடு. கம்பை மேலே மாட்டி, கீழே மிலாற்றைப் பற்றவைத்து, தீ எழும்பாமல் ஈரச் சாக்கால் அமுக்கினான். தீ எரியக் கூடாது. கனன்றால் போதும். மிலாறுப் புகையின் வாசம் அவனுக்கு நன்றாகத் தெரியும். கசப்பும் இனிப்புமாகத் தொண்டையில் ஒட்டும். இந்தப் புகை அப்படி இல்லை. நனைந்த கம்பளி, மென்று துப்பிய வெற்றிலை, காய்ச்சல்காரனின் தலையணை. தகர இடுக்கு வழியே கொஞ்சம் வெளியே வந்தது, மேலே போகாமல் சுவரோரமாகத் தரையில் ஊர்ந்தது, கூட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கதவுக்கடியால் மறுபடி உள்ளே போய்விட்டது.

குளிருக்கு அதுவும்தான் என்ன செய்யும் என்று வேடிக்கையாய் நினைத்துப் பார்த்தான். வேடிக்கை நிலைக்கவில்லை.

மத்தியானத்துக்குப் பிறகு அந்தச் சத்தம் வந்தது. துருப்பிடித்த கீல். மெல்லத் திறந்து, மெல்ல மூடி. அவள் பின்னால் வந்து நிற்கிறாள் என்று நினைத்து, "பனியில ஏன் வந்தே?" என்றபடி திரும்பினான். யாரும் இல்லை. சத்தம் கூட்டுக்குள்ளிருந்து வந்தது.

குசினிக்கு ஓடினான். மீனம்மா பின்வாசல் படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். இழுப்பு இல்லை. துளிக்கூட இல்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் நெஞ்சு அமைதியாக இருந்தது. வீரய்யாவுக்குக் கண் கலங்கியது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுத் துடைத்துக்கொண்டான்.

"இழுப்பு நின்னுருச்சா புள்ள?"

"மகாராணிக்கு ஏது இழுப்பு?" அவள் நிமிரவில்லை. குரல் எங்கோ தள்ளியிருந்து வருவதுபோல் இருந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் கவ்வாத்துக் கங்காணி பழனியாண்டி வந்தான். பங்களாவில் பன்றி வெட்டினால் மிஞ்சின கொழுப்பு அவனுக்கு. அது பழைய ஏற்பாடு. வந்தவன் மூக்கைச் சுளித்தான்.

"என்ன கோக்கியாரே, புகை ஒரு மாதிரி வருது?"

வீரய்யா குரலைத் தாழ்த்தினான். "கங்காணி, பொதைகுழி மலை மிலாற்றை எரிச்சா என்னா ஆகும்?"

"சாம்பலாகும்."

"வெளையாடாதீங்க."

பழனியாண்டி படியில் இருந்தவளையே பார்த்துக்கொண்டிருந்தான். வீரய்யாவும் பார்த்தான். பழனியாண்டியின் வாயிலிருந்து மூச்சு வெள்ளையாய் வந்தது. வீரய்யாவின் வாயிலிருந்தும் வந்தது. மீனம்மாவின் முகத்துக்கு முன்னால் ஒன்றும் இல்லை. தெளிவான, வெறுங்காற்று.

"நான் மாட்டைக் கட்டணும்," என்றான் பழனியாண்டி.

"ஒங்ககிட்ட ஏது மாடு?"

அவன் அதற்குள் பாதி வழியில் இருந்தான். கொழுப்பைக்கூட எடுக்கவில்லை.

உள்ளே விருந்துக் கூடத்தில் துரைமாரின் சிரிப்பு கேட்டது. மணி அடித்தது. சோசேஜ் போக வேண்டும். போகாவிட்டால் அறை போகும். அறை போனால் அவள் போவாள். கூட்டுக் கதவைத் திறந்தான்.

புகை அவனைத் தள்ளிக்கொண்டு வெளியே வரவில்லை. ஒதுங்கி வழிவிட்டது.

கம்பில் சோசேஜ்கள் அசைந்தன. காற்றில்லை. ஆடவுமில்லை. உப்பின. தாழ்ந்தன. எல்லாம் ஒன்றாக. உப்பும்போது கீல் திறந்தது. தாழும்போது மூடியது.

களைப்பு, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். காலையிலிருந்து சாப்பிடவில்லை. புகை கண்ணைக் கட்டுகிறது. கம்பை இறக்கித் தட்டில் வைத்துக் கொண்டுபோனான். தட்டு அவன் கையில் மெதுவாக ஏறி இறங்கியது.

மீனம்மா இப்போது குசினி மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றாள். அடுப்பு வெளிச்சத்தில் அவள் முகம் மெழுகு பூசினாற்போல இருந்தது. சட்டி காய்ந்துவிட்டது. சோசேஜ் வெடிக்காமல் இருக்க முள்ளுக்கரண்டியால் குத்த வேண்டும். ஒன்றைக் குத்தினான்.

கொழுப்பு வரவில்லை. வெள்ளையாய் ஒரு மூச்சு வந்தது. நீளமாய் இழுத்து, அவன் முகத்தில் பட்டு, கரைந்தது. அந்த வாசம் அவனுக்குத் தெரியும். அவளுடைய தலையணையில், தோளில், கழுத்தோரத்தில்.

மேஜைக்கு அந்தப் பக்கம் மீனம்மாவின் கன்னம் ஒட்டிப்போனது.

கை நிற்கவில்லை. பழகின கை. இன்னொன்றைக் குத்தியது. அவளுடைய ஒரு தோள் சேலைக்குள் மெல்ல இறங்கியது. உள்ளே தாங்குவதற்கு ஒன்றுமே இல்லாததுபோல.

முள்ளுக்கரண்டி அந்தரத்தில் நின்றது.

மணி மறுபடி அடித்தது. துரை ஏதோ கத்தினார். தட்டில் மிச்சமிருந்தவை உப்பின. தாழ்ந்தன.

"மீனம்மா." அவனுக்கே அவன் குரல் கேட்கவில்லை. "கேலி வேணாம் புள்ள. நெசத்தைச் சொல்லு. எப்படி இருக்கு?"

அவள் அவனைப் பார்த்தாள். உதடு பிரியவில்லை. தட்டிலிருந்தவை எல்லாம் ஒரே நேரத்தில், நூல் தெறிக்கும் அளவுக்கு உப்பின. அங்கேயிருந்துதான் அவள் பேசினாள், ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக.

"செத்துட்டேங்க. நீங்க மலையில இருந்த நேரத்துலயே, ஊதிக்கிட்டு இருக்கையிலேயே போயிட்டேன். பொதைகுழியில படுத்திருக்கிறவங்கதான் என் மூச்சைப் பிடிச்சுவச்சு விட மாட்டேங்கிறாங்க, குளிருதாம் அவங்களுக்கு. எனக்கு ரொம்ப அலுப்பா இருக்குங்க. மிச்சத்தையும் குத்திருங்க."