தட்டி வைத்த குதிரை

மருந்துக்கடைக்காரர் கறுப்புக் குதிரையைக் கட்டத்தில் வைத்து, அதன் தலையில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். ஏசியின் முனகலும் கடிகாரங்களை அழுத்தும் ஓசையும் தவிர வேறு சத்தமே இல்லாத அந்தச் சதுரங்கப் போட்டிக் கூடத்தில், புது வார்னிஷ் வாடைக்கு நடுவே, அந்தத் தட்டல் எதிரே ஆடிக்கொண்டிருந்தவளின் நெஞ்சில் போய் விழுந்தது.

அது அவள் வீட்டுப் பழக்கம். வீட்டுப் பலகையில் ஒரு கறுப்புக் குதிரை தொலைந்துபோய், நெளிந்த டானிக் பாட்டில் மூடிதான் அந்த இடத்தில் நிற்கும். வைத்தால் ஆடும். கணவர் தட்டித்தான் நிறுத்துவார். நேராக நிற்கும் குதிரையை எதற்குத் தட்ட வேண்டும்?

இன்று ஜெயித்தால் பட்டம் அவளுக்கு. சிப்பாயைச் சும்மா தூக்கிக் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கும் இந்த ஓபனிங்கைப் பற்றி அவள் வெளியே மூச்சு விட்டதில்லை. யாராக இருந்தாலும் ஆசைப்பட்டு வெட்டி மாட்டிக்கொள்வார்கள். இவரோ யோசிக்காமல், வெளியே வந்த குதிரையைப் பழைய கட்டத்துக்கே திருப்பிவிட்டார். நேற்று விடியற்காலை கணவர் காட்டிய அதே பதில். கணவர் தூக்க மாத்திரை வாங்குவதும் இவர் கடையில்தான். கணவரே கூட இருந்து குழி பறித்துவிட்டாரா?

காயை நகர்த்திக் கடிகாரத்தை அழுத்திவிட்டு வெளியே வந்தாள். வராந்தாவில் கணவர் நின்றிருந்தார்.

“ஏங்க, நம்ம ஓபனிங்கை அவர்கிட்ட சொன்னீங்களா?”

“எந்த ஓபனிங்?”

“தினமும் விடியக்காலைல எழுந்து வந்து என்கூட ஆடினீங்களே, அது. நடிக்காதீங்க.”

அவர் திருதிருவென்று விழித்தார். “மாத்திரை போட்டா இடி விழுந்தாலும் எழுந்திரிக்க மாட்டேன்னு நீதானே கிண்டல் பண்ணுவ? நான் எப்போ வந்தேன்?”

விடியற்காலையில் வீட்டு மேசை விளக்கின் வெளிச்சம் பலகைமேல் மட்டும்தான் விழும். ஆட உட்கார்ந்தால் அவள் நிமிர்ந்து பார்ப்பதே இல்லை. எதிரே ஒரு கை வரும், போகும்.

கை மட்டும்.

கூடத்தின் வாசலில் மருந்துக்கடைக்காரர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். முகம் வெளிறியிருந்தது. “நான் ஆடலை, மேடம். என் கை தானாப் போகுது. பயமா இருக்கு. அதான் எழுந்து வந்துட்டேன்.”

மேசைக்குப் போனாள். அவளுடைய கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

குதிரை இல்லை. அந்தக் கட்டத்தில் டானிக் மூடி. ஆடிக்கொண்டிருந்தது.

உட்கார்ந்தாள். எதிரே நாற்காலி இழுபட்டது. நிமிரவில்லை.

பலகைமேல் அந்தக் கை வந்தது. மூடியை மெல்ல இரண்டு தட்டுத் தட்டியது.

ஓரக்கண்ணில் தெரிந்த வாசலில் மருந்துக்கடைக்காரர் இரண்டு கையாலும் தம்ளரைப் பிடித்தபடி நின்றிருந்தார்.