கரூர் நான்கு மணி நேரம்

கோயம்புத்தூரில் ஷிஃப்ட் முடிந்து வண்டியில் உட்கார்ந்து முன்கண்ணாடியைத் தொட்டால் ஊர்கள் வரிசையாக எழும். காந்திபுரம் இருபது நிமிடம். திருப்பூர் ஒன்றரை மணி. ஈரோடு மூன்று மணி. அதற்குக் கீழே கரூர், நான்கு மணி. அது மட்டும் சாம்பல் நிறத்தில் இருக்கும். சாம்பல் என்றால் போக முடியாது.

கிலோமீட்டர் என்ற சொல் வழக்கொழிந்து இருபது வருடம் ஆகிறது. சாலையோரப் பலகைகளையும் எடுத்துவிட்டார்கள். அவரவர் கண்ணாடியில் அவரவர் நேரம் தெரியும், அது போதும் என்றார்கள். நேரம் ஆளுக்கு ஆள் மாறும், ஏனென்றால் ஆளுக்கு ஒரு வேகத்தரம். படிப்பையும் வேலையையும் பார்த்துக் கொடுப்பது. நான் எஞ்சினியரிங் மூன்றாம் வருடத்தோடு நின்றவன். கணினிக் கிடங்கில் மெஷின்கள் சூடாகாமல் இரவெல்லாம் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. தரம் முப்பத்தைந்து. எதில் முப்பத்தைந்து என்று கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது.

சாலை நேரம் மட்டும் எல்லோருக்கும் ஒன்று. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம். இருட்டுவதற்குள் வண்டி சொந்த ஊருக்குத் திரும்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மாதத்துக்குச் சாலையே கிடையாது. இதைப் பள்ளிக்கூடத்தில் சமத்துவம் என்ற பாடத்தில் வைத்திருக்கிறார்கள். போக மூன்று, வர மூன்று. பஸ்ஸும் ரயிலும் எப்போதோ நின்றுவிட்டன. ஈரோட்டோடு என் உலகம் முடிந்தது.

பிரமிளா கரூரில் இருந்தாள். என் மனைவி. கல்யாணமான இரண்டாம் வருடம் அங்கே ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை கிடைத்துப் போனாள். அப்போது அவளும் முப்பத்தைந்துதான். மறுவருடமே அவள் தரம் நூற்று நாற்பது ஆனது. அதற்கு மைசூர்பாகு அனுப்பியிருந்தாள். நன்றாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் பேசுவோம். சாப்பிட்டாயா, தூங்கினாயா. முடிக்கும்போது நான் சொல்வேன்: “வரலாம்னுதான் பாக்கறேன். நாலு மணி நேரமாச்சே. ரோடு பத்தாது.”

“ஆமாங்க, நாலு மணி நேரமாச்சே” என்பாள்.

மூன்று வருடம் அப்படியே போயிற்று. அவள் குரல் வரவர அலுவலகத்தில் பேசும் குரல் போலானது. இன்னும் ஒரு வருடம் போனால் போனும் நின்றுவிடும் என்று எனக்குத் தெரிந்தது. அப்போதுதான் என்ஜினைப் பிரித்தேன்.

வண்டி ‘சிட்டு’. எங்கள் தரத்துக்கு அரசு கொடுப்பது. மூன்று சிலிண்டர், கரும்பு எரிசாராயத்தில் ஓடும். மின்சார வண்டி மேல்தரத்துக்கு மட்டும். சிட்டுவில் வேகப்பூட்டு எதுவும் கிடையாது, என்ஜினே பூட்டு. முப்பத்தைந்துக்கு மேல் இழுக்க அதனிடம் தெம்பில்லை. சாலைக் கம்பங்கள் சிட்டுவின் நேரத்தைக் கணக்கு வைக்கும், வேகத்தை அளப்பதில்லை. நொண்டிக்கு யாரும் ஊக்கமருந்துச் சோதனை வைப்பதில்லை.

என் யோசனை எளிது. பழைய டீசல் வேன் ஒன்றின் டர்போவை எடுத்து சிட்டுவில் வைப்பது. டர்போ என்றால் ஊதுசுழலி. வெளியே போகும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளும். காற்று கூடினால் எரிபொருளைக் கூட்டலாம், பலம் கூடும். கல்லூரியில் நான் கவனித்த ஒரே பாடம்.

லேத் வேலைக்குக் கணபதிப் பகுதியில் துளசிமணி அக்காவிடம் போனேன். பம்பு மோட்டார் தண்டு கடைகிறவர். அவரும் முப்பத்தைந்துதான்.

“இந்தச் சோப்பு டப்பாவுக்கா டர்போ?” என்றார். “கொசுவுக்குக் கொம்பு வெக்கற மாதிரி இருக்குது தம்பி.”

“வெச்சுப் பாக்கலாமுங்க்கா.”

“எதுக்கு?”

“கரூர் போகோணும்.”

“பொண்டாட்டியப் பாக்கவா? அவ வரமாட்டாளா?”

“நாலு மணி நேரமுங்க்கா. ரோடு பத்தாது.”

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. பிறகு லேத்தை ஓட விட்டுவிட்டார். “டர்போவக் கழட்டி வையி. தண்டு ஆடுதான்னு பாக்கறேன்.”

பகலில் தூங்க வேண்டிய நேரத்தில் அங்கே கிடந்தேன். முதல் என்ஜின் செத்தது. காற்றைக் கூட்டியவன் எரிபொருளைப் பீய்ச்சும் நாசிலை மாற்றாமல் விட்டேன். கலவை வறண்டு, சூடு ஏறி, நடு பிஸ்டனின் தலையில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை. அக்கா அதைத் தூக்கிப் பிடித்து ஓட்டை வழியே என்னைப் பார்த்தார்.

“உள்ள உன் மூஞ்சி நல்லாத் தெரியுது. எஞ்சினியரு மூஞ்சி.”

“பாதி எஞ்சினியருங்க்கா.”

“அதான் ஒண்ணு மட்டும் ஓட்டையாயிருக்குது. முழுசாப் படிச்சிருந்தா மூணும் போயிருக்கும்.”

இரண்டாவது என்ஜினுக்கு வார்த்த பிஸ்டன் வேண்டாம் என்று, அடித்துச் செய்த கெட்டி பிஸ்டன்களைக் கடைந்து போட்டோம். நாசிலைப் பெரிதாக்கினேன். அமுக்கிய காற்று கொதிக்கும் என்பதால் அதைக் குளிர்விக்க ஒரு பழைய ஏசியின் ரேடியேட்டரை முன்னால் கட்டினேன். அழுத்தம் எல்லை மீறினால் புகையைப் பக்கவாட்டில் திறந்துவிட ஒரு வால்வு, அதற்கு ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங்கை மட்டும் நாலைந்து தடவை மாற்றினோம். பிரேக்கைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அதை அக்கா யோசித்தார்.

“போறது உன்ற பாடு. நிக்கறது என்ற பாடு” என்று வேனின் பிரேக்கையே கொண்டுவந்து மாட்டினார்.

மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினேன். பிரமிளாவிடம் சொல்லவில்லை. அவள் கதவைத் திறந்து என்னைப் பார்க்கும் முகத்தைத்தான் ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

சூலூர் தாண்டியதும் மிதித்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு கீழே இருந்து ஒரு சீழ்க்கை எழுந்தது. முதுகை யாரோ இருக்கையோடு சேர்த்து அழுத்தினார்கள். வேகமுள் நாற்பது வரைதான் காட்டும். அது கடைசி ஆணியில் போய் முட்டி, அங்கேயே படுத்துக்கொண்டது. இடப்பக்கம் என் தரத்துக்காரர்களின் சிட்டுகள் நின்றுகொண்டிருப்பது போல் தெரிந்தன. ஒரு வண்டியில் ஒரு குடும்பம் தூக்குப்போசியைத் திறந்து இட்லி தின்றுகொண்டிருந்தது. அவர்கள் தலையைத் திருப்புவதற்குள் நான் இல்லை.

ஏழு வருடமாக ஓட்டுகிறேன். அன்றுதான் சத்தமாகச் சிரித்தேன். பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை.

கண்ணாடியில் கரூர் சாம்பல் நிறத்திலேயே இருந்தது. நான்கு மணி என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ஊருக்குள் நுழைந்த பிறகும் சொன்னது. கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்.

அவள் வீடு இரண்டாம் மாடி. கதவைத் திறந்தாள். நான் நினைத்திருந்த முகம் வரத்தான் வந்தது, ஆனால் நிற்கவில்லை.

“வாங்க. என்னங்க, சொல்லாமக் கொள்ளாம?”

“சும்மாதான்.”

உட்கார வைத்தாள். காபி கொடுத்தாள். மெலிந்திருந்தாள். ஜன்னலுக்குக் கீழே அவள் வண்டி நின்றது. மேல்தரத்து நீல நம்பர் பலகை. டயரில் தேய்மானமே இல்லை.

“ரோடு பத்தாதே, எப்படி வந்தீங்க?” என்றாள்.

இதற்காகத்தான் ஒரு வருடம் உழைத்திருந்தேன். தம்ளரைக் கீழே வைத்தேன். “எவ்வளவு நேரத்துல வந்தேன்னு சொல்லு பாக்கலாம்.”

“எவ்வளவு?”

“ஒரு மணி நேரம்!”

அவள் தலையாட்டினாள். “ஆமா, காலைல கூட்டமில்லன்னா ஒரு மணி நேரந்தான் ஆகும்.”

கடைக்குப் போகிற தூரத்தைச் சொல்வது போல் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. கரூர் எனக்கு ஒரு ஊர் அல்ல, நான்கு மணி நேரம். வேறொருவருக்கு அது வேறொன்றாக இருக்கும் என்று மைசூர்பாகைத் தின்றபோதுகூடத் தோன்றவில்லை. அவள் கண்ணாடியில் கோயம்புத்தூர் ஒருநாளும் சாம்பலாக இருந்ததில்லை.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

“கெளம்பணும்னு நெனைப்பேங்க” என்றாள். “ஒரு மணி நேரந்தானே, எப்ப வேணாப் போயிக்கலாம்னு இருந்துரும். நீங்க நாலு மணி நேரம்னு சொல்லும்போது... நானும் ஆமான்னு சொல்லிட்டேன். அதுவே பழகிருச்சு.”

பொய் சொல்லவில்லை. அழவும் இல்லை. அதற்காக அவள்மேல் மரியாதை வந்தது.

“சாப்பிட்டுட்டுப் போங்க.”

“இல்ல. இருட்டறதுக்குள்ள வண்டி ஊர்ல இருக்கணும்.”

அப்போது மணி ஒன்பதுகூட ஆகவில்லை.

கீழே வந்து வண்டியை எடுத்தேன். சாலை நேரம் ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சமிருந்தது. போதும். இடப்பக்கத் தடத்தில் சிட்டுகளின் வரிசையில் சேர்ந்து, முள்ளை முப்பத்தைந்தில் வைத்தேன். அந்த வேகத்தில் டர்போ எழாது. சக்கரம் சும்மா சுற்றும், சீழ்க்கை வராது. சாதாரண சிட்டு மாதிரியே இருந்தது.

கணபதிக்கு வந்து சேர்ந்தபோது மத்தியானம். ஞாயிற்றுக்கிழமையும் அக்கா கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து பானட்டில் கை வைத்துப் பார்த்தார். சூடு அதிகமில்லை.

“போறதுக்கு எவ்வளவு ஆச்சு?”

“ஒரு மணி நேரமுங்க்கா.”

“வர்றதுக்கு?”

“நாலு.”

“வண்டி மக்கர் பண்ணுச்சா?”

“இல்லீங்க்கா. வண்டி நல்லா ஓடுச்சு.”

அக்கா கையை எடுத்துக்கொண்டார். ஒரு வருடத்துக்கு முன் சொல்ல வந்ததை இப்போதும் சொல்லவில்லை. உள்ளே போய் இரண்டாவது முக்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. இரவு ஷிஃப்ட் இருந்தது, தூங்க வேண்டும்.