கடலடியில் நாற்பத்தொரு முகங்கள்

தபால்காரரின் சிலை கண்ணைத் திறந்திருந்தது.

அவள் கையிலிருந்த பிரஷ் பாதியில் நின்றது. தீவுக்கு வரும் பயணிகள் கண்ணாடித் தரை போட்ட படகிலிருந்து குனிந்து பார்த்து வியக்கும் அந்தக் கடலடிக் காட்சிக்கூடத்தில் நாற்பத்தொரு சிலைகள் இருந்தன. எல்லாம் தீவுக்காரர்களின் முகத்தில் ஈரச் சாந்து பூசி, அச்செடுத்து, சிமெண்டில் வார்த்தவை. சாந்து கண்ணில் படக்கூடாதென்று அன்று எல்லோரும் இமைகளை இறுக்கிக்கொண்டுதான் உட்கார்ந்தார்கள். அதனால் ஒரு சிலைக்குக்கூடத் திறந்த கண் கிடையாது. நான்கு வருடமாகப் பாசி சுரண்டுகிறவளுக்கு இது தெரியாதா?

முகமூடியின் ரப்பர் வாடை மூக்கை அடைக்க, தன் மூச்சுச் சத்தமே பக்கத்தில் யாரோ படுத்துக் குறட்டை விடுவதுபோல் காதுக்குள் ஏறி இறங்க, அவள் ஒரு விரலை நீட்டித் தொட்டுப் பார்த்தாள். சொரசொரப்பு இல்லை. வழுவழுவென்று ஓர் உருண்டை.

மேலே படகிலிருந்த கணவரிடம் சொன்னாள். ஒட்டியிருந்த சிப்பி கழன்று விழுந்த குழியாக இருக்கும் என்றார் அவர். தபால்காரர் வேலை நேரத்தில் விழித்திருந்தால் அதுவே பெரிய அதிசயம்தான் என்று கிண்டலும் செய்தார்.

கரையில் சேதி காத்திருந்தது. தபால்காரர் காலையிலிருந்து எழுந்திருக்கவில்லை. மூச்சு இருந்தது. டாக்டர் இமையைப் பிரிக்கப் பார்த்து, முடியாமல் கையை எடுத்துக்கொண்டாராம்.

"கல்லு மாதிரி இருக்கும்மா," என்றாள் தபால்காரரின் மனைவி. "முகத்தத் தொடச்சித் தொடச்சி விடுறேன், மறுபடியும் ஈரமாயிடுது."

மூன்றாம் நாள் டீக்கடை அக்கா கடலுக்குள் கண் திறந்தாள். கரையில் அவள் கண் மூடிக்கொண்டது. அதற்குப்பின் கணவர் கிண்டல் செய்யவில்லை.

சிலை வரிசையின் கடைசியில் கணவர் நின்றார். அவருக்குப் பக்கத்தில், அவர் இடுப்புயரத்துக்கு, மகள். அச்செடுத்தபோது அவளுக்கு ஐந்து வயது.

மறுநாள் காலை, பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கும்போதே மகள் அவள் மடியில் சாய்ந்தாள்.

"அம்மா, கண்ணு ஒட்டிக்கிட்டே போகுதும்மா."

பக்கத்து வீட்டுக்காரியிடம் பிள்ளையைக் கொடுத்து, தூங்க மட்டும் விடாதே, ஏதாவது பேசிக்கொண்டே இரு என்று சொல்லிவிட்டு இருவரும் படகை எடுத்தார்கள். கணவர் அவள் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டார்.

"கீழ போய் என்ன பண்ணப் போற?"

"தெரியலங்க."

"பாதி சிலிண்டர்தான் காத்து இருக்கு. நான் இழுத்தா ஏறி வந்துடு."

இறங்கினாள். வழியிலிருந்த முகங்களைப் பார்க்கவில்லை. நேரே கடைசிக்கு.

மகளின் கண்கள் மூடியிருந்தன.

அழுகை முட்டியது. முகமூடிக்குள் அழ முடியாது. குட்டிக் கன்னத்துப் பாசியை மெல்லத் துடைத்தாள். அப்போதுதான் தெரிந்தது. இமையோரத்தில் ஒரு கோடு. மயிரிழை அளவு. அதிலிருந்து சிமெண்டுத் தூள் உதிர்ந்தது.

இரண்டு உள்ளங்கைகளாலும் இரண்டு கண்களையும் பொத்தினாள்.

உள்ளேயிருந்து தள்ளியது. மெதுவாக. வெதுவெதுப்பாக.

அழுத்தினாள். தள்ளியது.

இடுப்புக் கயிறு இழுபட்டது. அவள் அசையவில்லை. இன்னொரு முறை, பலமாக. மூச்சை இழுத்தாள், பாதிதான் வந்தது. கையை எடுக்கவில்லை.

மூன்றாம் முறை கயிறு இழுபடவில்லை.

தலையைத் திருப்பினாள். பக்கத்தில் கணவரின் முகம். இடது இமை பிளந்திருந்தது. வலது இமை பிளந்துகொண்டிருந்தது. அவளுக்கு இருந்தது இரண்டு கைகள்.

மேலிருந்து கயிறு, சுருள் சுருளாக, அவள் தோளில் இறங்கிக்கொண்டே இருந்தது.