வற்றம் ஐந்து இருபது

அலுவலகத் தரையில் அந்தத் துளைகள் காலையில் இல்லை.

பென்சில் முனை நுழையும் அளவில், இரண்டிரண்டாக, கதவருகே தொடங்கி பறவை ஆய்வாளரின் மேசைவரை, சாம்பல் நிறச் சிமெண்டில் அவை வரிசை பிசகாமல் சென்றிருந்தன. ஆய்வாளர் குனிந்து ஒன்றின்மேல் விரலை வைத்தார். ஈரம். உப்பும் அழுகிய பாசியும் கலந்த வாடை விரலோடு வந்தது.

"கரையானா இருக்கும்," என்றார், தேநீர் கொண்டுவந்த காவலாளியிடம்.

"கரையான் சிமெண்டைத் தின்னுமா சார்? நம்ம காண்ட்ராக்டர் போட்டது பாதி மணல்தான். தின்னாலும் தின்னும்." காவலாளி குனிந்து பார்த்தார். குரலிலிருந்த கிண்டல் வடிந்துபோனது. "இது உள்ளான் பறவை அலகால குத்தின தடம் சார். சேத்துல புழு தேடும்போது இப்படித்தான் குத்தும்."

"கதவு பூட்டியிருந்ததே."

"பூட்டித்தான் இருந்துச்சு சார்."

காவலாளி அதன்பின் உள்ளே வரவில்லை.

அந்த அலுவலகமே, தூர்த்த சேற்றுவெளியின் மேல்தான் நின்றது. ஈராண்டுகளுக்கு முன் ஆய்வாளர் எழுதிய ஒரே வரியால் தூர்க்கப்பட்ட பாதி அது: 'நீர்ப்பறவைகள் காணப்படவில்லை.' பொய்யில்லை, அதுதான் அதன் கயமை. மூன்று முறை சென்றார். மூன்று முறையும் கடல் நீர் முழுதாக ஏறி நின்ற வேளையில். சேறு நீருக்கடியில் கிடக்கும்போது பறவைகள் தொலைவிலுள்ள மணல்திட்டில் ஒடுங்கி நிற்கும் என்பதை அவர் படித்திருந்தார், பிறருக்கும் பாடம் நடத்தியிருந்தார். நேரத்தைக் குறித்துக் கொடுத்து ஜீப் அனுப்பியது, சேற்றைத் தூர்க்க வந்த நிறுவனம். ஏறி அமர்ந்தது அவர்.

மிச்சப் பாதிக்கான அறிக்கை இப்போது மேசைமேல் இருந்தது. இன்றும் நீர் ஏற்றத்தில்தான் எண்ணியிருந்தார். ஐந்தரைக்குள் அதை வாங்க நிறுவனத்து ஆள் வரும். வெளியே, மண் ஏற்றிய லாரிகள் வரிசையில் உறுமிக்கொண்டிருந்தன.

தொலைபேசி அடித்தது. அக்கா. இருபது ஆண்டுகளாக வாரந்தவறாமல் அந்தச் சேற்றில் இறங்கிப் பறவைகளை எண்ணுபவள்.

"கையெழுத்துப் போட்டுட்டியா?"

"இன்னும் இல்லக்கா."

"ஆள் கடைக்குப் போன நேரம் பார்த்துக் கதவைத் தட்டிட்டு, இந்த வீட்டுல யாருமே குடியில்லைனு எழுதிக் கொடுக்கறியேடா. நீ படிச்ச படிப்பு இதுக்குத்தானா?"

"அவங்க சொன்ன நேரத்துக்குத்தானே போக முடியும்?"

"அப்போ இப்போ பாரு. நீர் வத்திக்கிட்டிருக்கு. அஞ்சு இருபதுக்கு முழுசா வத்திடும். நீ எண்ண வேண்டாம். ஜன்னலைத் திறந்து ஒரு தடவை பாரு, போதும்."

அவர் எழுந்தார். ஜன்னலருகே சென்றார். திரைச்சீலையை இழுத்து, இன்னும் இறுக்கமாக மூடினார்.

"பார்த்தேன். ஒண்ணும் இல்ல."

"உன்னை இனிமே தம்பின்னு கூப்பிட மாட்டேன்," என்று அக்கா தொலைபேசியை வைத்தாள்.

அவர் பேனாவை எடுத்தார். எண்ணிக்கைக் கட்டத்தில் பூஜ்ஜியம் இட்டார். கையெழுத்திட்டார்.

லாரிகளின் உறுமல் நின்றது.

அந்த அமைதிக்குள், தூறல் தொடங்குவதுபோல், மென்மையாக, ஆயிரம் சிறு ஊசிகள் ஈரத் துணியில் இறங்குவதுபோல் ஓர் ஒலி அவருடைய நாற்காலிக்குப் பின்னாலிருந்து எழுந்தது. திரைச்சீலையில் துளைகள் விழுந்தன, வெளிச்சப் புள்ளிகளாக. இரண்டிரண்டாக. சுவரில். மேசையில். நகர்ந்து வந்தன.

எழ முயன்றார். காலணி வரவில்லை. தரை கணுக்கால்வரை இளகியிருந்தது.

கையெழுத்துக்குப் பக்கத்தில் காகிதத்தில் இரு துளைகள். காகிதத்தை விலக்கினார். அடியிலிருந்த இடது புறங்கையிலும் இரு துளைகள். வலி இல்லை. இரத்தம் இல்லை. தெளிந்த உப்புநீர் ஊறி வழிந்தது. துளையின் ஆழத்தில், மெல்லியதாக ஏதோ ஒன்று நெளிந்து உள்ளே ஒளிந்துகொண்டது.

சுவர்க்கடிகாரம் ஐந்து இருபது காட்டியது.

"சார், கையெழுத்தாயிடுச்சா?" கதவுக்கு வெளியே நிறுவனத்து ஆளின் குரல்.

வாயைத் திறந்தார். சேறு வந்தது.

கதவு திறந்தது. "யாருமே இல்லையே," என்றான் வந்தவன், மேசையிலிருந்து அறிக்கையை எடுத்துக்கொண்டு. அவன் ஒருமுறைகூடக் கீழே பார்க்கவில்லை. அங்கே, சாம்பல் நிறக் கால்கள் சுவர்முதல் சுவர்வரை நெருக்கியடித்து நிற்க, நீண்ட அலகுகள் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமின்றி, சேற்றுக்கு மேல் தெரிந்த, இமைக்காத இரு கண்களைச் சுற்றி இறங்கிக்கொண்டிருந்தன.