தழை போட்ட வழி

ஒடித்த காம்பிலிருந்து பால் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

சிந்தாமணி குனிந்து பார்த்தாள். ஒற்றையடிப் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், இடப்பக்க வழியின் குறுக்கே ஒரு வெட்பாலைக் கிளை கிடந்தது. ஆண்டாயி முன்னால் போய்க் கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கும். வெயிலில்லாத கார்த்திகை மாதம்தான்; அதற்காக இவ்வளவு நேரமா பால் சொட்டும்?

சரி, ஆண்டாயி இந்தப் பக்கம்தான் போயிருக்கிறாள். சிந்தாமணியின் ஊரான விக்கிரமங்கலத்தில் திருவிழாவுக்கு வண்டி கட்டிப் போகும்போது, முதல் வண்டிக்காரர் போகிற வழியில் வேப்பங்கொத்தைப் போட்டுவிட்டுப் போவார். பின்னால் வரும் வண்டிகள் அதைப் பார்த்தே திரும்பும். அவள் கிளையைத் தாண்டி இடப்பக்கம் நடந்தாள்.

பச்சைமலையின் மேலே, பஸ் போகாத ஒரு சின்ன ஊரில் அவள் கணவன் கண்ணையன் வாத்தியாராக இருந்தான். வேலைக்குப் போய் ஆறு மாதம்; ஆவணியில் ஒரு முறைதான் லீவில் வந்துபோனான். பெரம்பலூரிலிருந்து பஸ், அடிவாரத்திலிருந்து மூன்று மணி நேரம் நடை. "இன்ஸ்பெக்டர் வருகிறார், நான் இறங்கி வர முடியாது. சந்தைக்கு வரும் ஆண்டாயியோடு வந்துவிடு, அவளுக்கு மலை உள்ளங்கை மாதிரி" என்று எழுதியிருந்தான். போன வாரம் அரியலூர் டாக்டரம்மா சொன்னதை அவள் பதில் கடிதத்தில் எழுதவில்லை. கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து வந்த மூன்று மாதம். அதைக் காகிதத்தில் எழுதவா? சந்தோஷம் வந்தால் கண்ணையனுக்கு முகம் அப்படியே இருக்கும், காது மடல் இரண்டும் சிவந்துவிடும். அந்தக் காதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். அதற்காகத்தான் இந்த ஏற்றம்.

அடிவாரத்தில் ஆண்டாயி அவளை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தாள். தலையில் உப்பு மூட்டை, அதன்மேல் மண்ணெண்ணெய் டின்.

"செருப்பக் கழட்டிக் கையில புடிங்க வாத்தியாரம்மா. எங்க மலை டவுன் செருப்பத் தின்னுப்புடும்."

"உங்க வாத்தியார் செருப்பையும் தின்னுடுச்சாக்கா?"

"ரெண்டு ஜோடி! இப்ப எங்களாட்டம் வெறுங்காலுதான்."

பாதி வழியில் சிந்தாமணிக்குக் குமட்டியது. பாறையில் உட்கார்ந்துவிட்டாள். ஆண்டாயி அவள் முகத்தைப் பார்த்தாள், புரிந்ததுபோலத் தலையாட்டினாள்.

"மெல்ல வாங்கம்மா. மேல சுனை இருக்கு. தண்ணி மொண்டுகிட்டு அங்கனயே நிக்கிறேன். தழை போட்டுட்டுப் போறேன்."

இப்போது சிந்தாமணி அந்தத் தழையைத் தாண்டி நடந்துகொண்டிருந்தாள். மூடுபனி மரங்களுக்கிடையே பால் கொதித்துப் பொங்குவதுபோல மெதுவாக ஏறி வந்தது. ஈர மண்ணும் அழுகிய இலையும் சேர்ந்த வாசனை, எங்கோ ஒரு பூச்சியின் ஓயாத இரைச்சல், அவள் கைக் கண்ணாடி வளையல்கள் ஒவ்வொரு அடிக்கும் கிலுங்கும் சத்தம். அடுத்த பிரிவிலும் ஒரு கிளை. அங்கேயும் பால் சொட்டியது. அதையும் தாண்டினாள்.

வளைவுக்கு அப்பால், பனிக்குள், சுமையோடு ஒரு முதுகு போனது.

"ஆண்டாயிக்கா! சுனையில நிக்கிறேன்னீங்களே!"

முதுகு நிற்கவில்லை. திரும்பவில்லை. வேகமும் கூடவில்லை. சிந்தாமணி விரைந்து நடந்தாள். அப்போதுதான் ஏதோ குறைகிறது என்று தோன்றியது. அடிவாரத்திலிருந்து மூக்கைத் துளைத்துக்கொண்டே வந்த மண்ணெண்ணெய் வாடை. அது இங்கே இல்லை.

இரண்டடி வைத்தாள். முகத்தில் ஏதோ மெல்லியதாக ஒட்டியது.

சிலந்தி வலை.

பாதையின் இந்தப் பக்கத்துச் செடியிலிருந்து அந்தப் பக்கத்துச் செடிவரை, அவள் முகத்தின் உயரத்தில், அறுபடாமல் இருந்த வலை. பனித்துளிகள் கோத்துக்கொண்டு. இந்த வழியில் யாரும் போகவில்லை. இன்றைக்கு மட்டுமல்ல, ரொம்ப நாளாக.

பனிக்குள் இப்போது முதுகும் இல்லை.

அடிவாரத்தில் நடந்தது அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது. முதல் பிரிவில் ஆண்டாயி ஒரு கிளையை ஒடித்து இடப்பக்கம் போட்டாள். நடந்தது வலப்பக்கம். நடந்துகொண்டே ஏதோ சொன்னாள். கண்ணையனிடம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டு வந்த சிந்தாமணி அதைக் காதில் வாங்கியும் வாங்காமலும் 'உம்' கொட்டியிருந்தாள்.

"போவாத வழிக்குத் தழை போட்டுடணும்மா. வூடு போய்ச் சேந்தா வாசல்லயும் ஒண்ணு போடணும். பின்னால வர்றது அங்கனயே நின்னுக்கும்."

சிந்தாமணியின் கை தானாக வயிற்றில் போய்ப் படிந்தது.

திரும்பி நடந்தாள். வந்த வழிதான், தூரமில்லை. இரண்டாவது பிரிவு வந்தது. கிளை கிடந்தது. ஆனால் அவள் தாண்டி வந்த இடத்தில் அல்ல. கீழே இறங்கும் வழியின் குறுக்கே கிடந்தது. காம்பில் பால்.

தூரத்தில், வலப்பக்கத்து மலைச்சரிவிலிருந்து, ஒரு குரல் நீளமாகக் கேட்டது.

"வாத்தியாரம்மோவ்!"

ஆண்டாயி! சுனையில் நிற்கிறாள். தேடுகிறாள். சிந்தாமணிக்கு அழுகையே வந்துவிட்டது. மூச்சை இழுத்து, பதில் கொடுக்க வாயைத் திறந்தாள்.

"இதோ வந்துட்டேன்க்கா!"

அவள் இன்னும் பேசவில்லை.

அவளுடைய குரல்தான். விக்கிரமங்கலத்துப் பேச்சுத்தான். 'அக்கா'வை இழுக்கும் அந்த இழுப்பும் அவளுடையதுதான். கிளைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டது. கூடவே கண்ணாடி வளையல்களின் கிலுங்கல். ஒவ்வொரு அடிக்கும். சுனையை நோக்கி. தூரமாக.

சிந்தாமணி கையை உதறினாள். சத்தம் வரவில்லை.

ஓடினாள். கிளையைத் தாண்டி ஓடினாள். இன்னொரு பிரிவு, இன்னொரு கிளை, தாண்டினாள். முள் கிழித்தது, வலிக்கவில்லை. கல் இடறியது, வலிக்கவில்லை. செருப்பு எங்கே போனது? தெரியவில்லை. குமட்டலும் நின்றுவிட்டது. மேலே போக வேண்டும். அவர் இருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டால் போதும்.

பொழுது சாய்கிற நேரத்தில் ஊர் தெரிந்தது. புல் வேய்ந்த பத்துப் பதினைந்து வீடுகள், ஓடு போட்ட பள்ளிக்கூடம், அதையொட்டி ஓர் அறை. அறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே அரிக்கேன் விளக்கு. மண்ணெண்ணெய் வாடை!

வாசற்படிக்கு நாலடி முன்னால் அவள் கால்கள் நின்றன.

உள்ளே ஆண்டாயி உட்கார்ந்து டம்ளரில் காபி குடித்துக்கொண்டிருந்தாள். "சுனையில ரொம்ப நேரம் நின்னேன் சார். கூப்பிட்டப்புறம்தான் வந்தாங்க. கல்லு மேல கால் வெக்கிறது கூடத் தெரியல, அம்புட்டு மெதுவா நடக்குறாங்க."

"இந்த நிலைமையில மெதுவாத்தானே ஆண்டாயிக்கா நடக்கணும்" என்றது ஒரு குரல். சிரித்தது.

கண்ணையனுக்கு எதிரில் அவள் நின்றிருந்தாள். அதே ஊதாப்பூச் சேலை. அதே மஞ்சள் பை. கையில் வளையல்கள். "என்ன நிலைமை?" என்று கண்ணையன் கேட்டான். அவள் எட்டி அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, காதருகே வாய் வைத்து, ஏதோ சொன்னாள்.

அவன் முகம் அப்படியே இருந்தது. காது மடல் இரண்டும் மெல்ல, மெல்லச் சிவந்தன.

'என்னங்க!' என்று சிந்தாமணி கத்தினாள். நாலு வருஷமாக அவனைக் கூப்பிடும் சொல்தான். தொண்டையிலிருந்து வந்தது அது அல்ல. மலைச்சரிவில் எங்கோ நரி ஊளையிடுவதுபோல ஒரு நீண்ட 'ஊ' மட்டும் வந்தது.

கண்ணையன் திடுக்கிட்டு வாசலைப் பார்த்தான். அவள் நின்ற இடத்தைத்தான் பார்த்தான். அவன் கண்கள் அவளைக் கடந்து இருட்டுக்குள் போயின.

"பதில் குடுக்காதீங்க சார்" என்று ஆண்டாயி டம்ளரைக் கீழே வைத்தாள். "வர்றப்பவே பின்னாடி என்னமோ வந்துச்சு. வூட்டு ஆளுங்கதான் வந்து சேந்தாச்சே. தழையப் போட்டுடுங்க."

மூலையில் சாத்தியிருந்த வெட்பாலைக் கிளையை அவன் எடுத்தான். வெளியே வந்து, குனிந்து, வாசற்படியின் குறுக்கே பதமாகக் கிடத்தினான். கை நீட்டினால் தொடும் தூரத்தில் அவன் தலைமுடி, அவன் சட்டைக் காலர், இன்னும் சிவப்பு மாறாத காது.

அவன் தோளுக்குப் பின்னால் நின்றவள் மட்டும் சிந்தாமணியை நேராகப் பார்த்தாள். ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் கதவை மெல்லச் சாத்தினாள். வளையல்கள் கிலுங்கின.

படியில் கிடந்த கிளையின் காம்பிலிருந்து பால் சொட்டத் தொடங்கியது.