பதில் மணி

பின்னால் சைக்கிள் மணி மூன்று தரம் அடித்தது. சகாயம் திரும்பிப் பார்க்காமல் தன் மணியை மூன்று தரம் அடித்துப் பதில் கொடுத்தான். அதற்குப் பிறகுதான் கூட வந்த ஏசுபாதம் தனக்கு முன்னால் போய்க்கொண்டிருப்பதைக் கவனித்தான்.

திரும்பினான். பேத்தமங்களா ரோடு வெறுமையாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் அறுப்பு முடிந்த கேழ்வரகுக் கொல்லை. அவர்கள் கிளப்பிவிட்ட செம்மண் புழுதி மேற்கு வெளிச்சத்தில் இன்னும் அடங்காமல் நின்றது. அதற்குள்ளிருந்து யாரும் வரவில்லை.

"இன்னா மாப்ள, யாருக்கு அடிக்கிற?"

"யாருக்கும் இல்ல. கை போய்டுச்சி."

"லீவுல கூட சாஃப்ட்ட வுட மாட்டியா நீ?"

சகாயம் தங்கச் சுரங்கத்தில், ஆட்கள் இறங்கும் ஆழக் குழியான சாஃப்டின் வாயில் நின்று மணி அடிக்கிறவன். கீழே சுரங்கத்தில் ஆட்கள் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏறிக்கொண்டு மூன்று தரம் அடிப்பார்கள். ஆட்கள் ஏறிவிட்டோம், தூக்கு என்று அர்த்தம். மேலே இருப்பவன் அதையே திருப்பி அடிக்க வேண்டும். அடித்தால்தான் கேஜ் நகரும். அடித்துவிட்டால் ஏறியவர்கள் அவன் பொறுப்பு. மேலே வந்து அவன் கேட்டைத் திறக்கும்வரை ஒருவரும் இறங்கக் கூடாது.

போன மாதம் ஓர் இரவு முழுவதும் அவன் திருப்பி அடிக்கவில்லை. பாறை சரிந்து, ஆட்களோடு கேஜ் வழியிலேயே சிக்கிக்கொண்டது. இழுத்தால் கயிறு அறுந்துவிடும், பதில் கொடுக்காதே என்று உத்தரவு. கீழே மூன்று மூன்றாக அடித்துக்கொண்டே இருந்தார்கள். அவன் கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான். விடியும்போது மணி ஓய்ந்தது.

அன்றிலிருந்து அவனுக்குப் பசி தெரிவதில்லை. ஐந்து மாதக் குழந்தையைத் தூக்கினால் கனம் தெரிவதில்லை. அவன் மனைவி ஞானசுந்தரி தன் அண்ணன் ஏசுபாதத்திடம் சொல்லி அழுதாள். ஏசுபாதம் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். துரைமார்கள் கழித்துப்போட்ட சைக்கிள்களைச் சேர்த்து இரண்டு வண்டி தேற்றியிருந்தான். சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் ஏரிக்கரைக்குப் போய், ஓர் இரவு படுத்திருந்துவிட்டு, ஞாயிறு காலை கோயிலுக்குத் திரும்பிவிடுவான். இந்த முறை தங்கை புருஷனையும் கிளப்பிக்கொண்டு வந்திருந்தான்.

ஏரிக்கு முன்னால் ஒரு நீண்ட இறக்கம் உண்டு. ஏசுபாதம் மிதிகட்டையிலிருந்து காலை எடுத்துக்கொண்டு கத்தியபடி இறங்கிப் போனான். சகாயமும் காலை எடுத்தான். வண்டி நின்றுவிட்டது. இறக்கத்தில் மிதித்து இறங்க வேண்டியிருந்தது. தொடை நடுங்கியது. ஒரு மாதத்தில் அவன் உணர்ந்த முதல் கனம் அது.

கரையில் ஏசுபாதம் அடுப்புக் கூட்டியிருந்தான்.

"இன்னாடா இது, என் தங்கச்சியப் பின்னால குந்த வச்சினு வந்தியா?"

"சக்கரம் எங்கியோ புடிக்குது மச்சான்."

ஏசுபாதம் பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டான். வழுக்கிக்கொண்டு சுற்றியது. டயரை அழுத்தினான். கல் மாதிரி இருந்தது. வண்டியைப் புளியமரத்தில் சாய்த்து வைத்தார்கள். படுக்கையை அவிழ்த்து எடுத்த பிறகும் பின் டயர் தரையோடு நசுங்கியே நின்றது.

"காத்து இருக்குது. அப்புறம் ஏன் இப்பிடிக் குந்துது?"

சகாயம் அடுப்புக்குச் சுள்ளி ஒடித்தான்.

இருட்டியதும் காற்று ஏரியிலிருந்து கரைக்கு வீசியது. பாசி நாற்றமும் சேற்று நாற்றமும் சுட்ட கெண்டை மீனின் மணமும் கலந்து வந்தன. அவற்றுக்கு அடியில், மரத்தின் பக்கமிருந்து, வேறொன்று மெல்லக் கிளம்பி வந்தது. ஊதி அணைத்த கொழுப்பு மெழுகுவர்த்தியின் புகை, வெடி வைத்த பிறகு சுரங்கத்தின் லெவல் பாதைகளில் தங்கும் கசப்பு, நாள்பட்ட ஈரப்பாறை, ஈரச் சாக்கு, மனிதர்கள் நெருக்கியடித்து நிற்கும்போது வரும் வியர்வை. தூரத்தில் கல் இடிக்கும் ஆலை இடித்துக்கொண்டேயிருந்தது. அது சற்று ஓயும்போதெல்லாம் மரத்தடியில் யாரோ ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நிற்பது போலச் சருகு நொறுங்கியது. ஒருவர் அல்ல.

கேஜில் நிற்பவர்கள் அப்படித்தான் கால் மாற்றுவார்கள்.

சகாயம் போர்வையை இழுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பக்கம் பார்க்கவும் இல்லை.

விடிந்ததும் ஏசுபாதம் முகம் கழுவப் போனவன், கரைப் பாதையில் குனிந்து நின்றுவிட்டான். நேற்று வந்த தடம் புழுதியில் கிடந்தது. அவனுடையது நூல் பிடித்தது போல ஒல்லியாக இருந்தது. சகாயத்தின் வண்டித் தடம் பார வண்டி போன பள்ளமாக இருந்தது.

ஏசுபாதத்தின் சிரிப்பு போய்விட்டது.

"வண்டி போனாப் போவுது. இங்கியே போட்டுட்டு நடந்து போலாம் வா."

"ஏறிட்டாங்க மச்சான். நான்தான் பதில் அடிச்சேன்."

"யாரு ஏறினது?"

"சாஃப்ட் கேட்டு வரைக்கும் கொண்டு போய் வுடணும். நடுவுல வுட்டா எங்க வேணா போவாங்க."

"பைத்தியம் மாதிரி பேசாத மாப்ள."

"ரோடு நம்ம லைன் வூடுங்க வழியாத்தான் போவுது. நீ முன்னாடி போ. சுந்தரியக் கதவச் சாத்திக்கினு உள்ளியே இருக்கச் சொல்லு. கொழந்தைய வெளிய காட்ட வேணாம். நான் நிக்காம போய்டுறேன்."

ஏசுபாதம் அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு ஏறி மிதித்தான். திரும்பியே பார்க்கவில்லை.

சகாயம் மெதுவாக வந்தான். ஏற்றங்களில் இறங்கித் தள்ளினான். கைப்பிடி உள்ளங்கையை அறுத்தது. ஒருமுறை அவன் சறுக்கியபோது வண்டி சறுக்கவில்லை. பின்னாலிருந்து பிடித்தது போல நின்றது. அவன் திரும்பவில்லை. நன்றாக விடிந்துவிட்டிருந்தது. வெயில் முதுகில் பட்டது. முதுகு சுடவில்லை.

சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடு தெரிந்தது. பிறகு கோரமண்டல் பகுதி. பிறகு லைன் வீடுகளின் தகரக் கூரைகள்.

தெருவில் பெண்கள் நின்றிருந்தார்கள்.

அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. இரண்டு பேராகப் போனதில் ஒருவன் மட்டும் காலையிலேயே மூச்சிரைக்க லைனுக்குள் வந்தால், அவன் வாயைத் திறக்கும் முன்பே பெண்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். குழந்தையை இடுப்பில் எடுத்துக்கொள்வார்கள். கதவைத் திறந்து வைப்பார்கள். பிணத்தைக் கொண்டு வருபவர்களுக்கு வழி வேண்டும். சுரங்கத்தில் கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஞானசுந்தரியின் கதவு விரியத் திறந்திருந்தது. அவள் குழந்தையோடு நிலைப்படியில் நின்றிருந்தாள். ஏசுபாதம் அவள் தோளைப் பிடித்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான்.

"போ உள்ள! போன்னு சொல்றேன் இல்ல!"

"ஐயோ, அவரு வராருண்ணா! தோ வராரு! நல்லாத்தான் வராரு!"

"கதவ மூடு!" சகாயம் கத்தினான். குரல் வரவில்லை.

நிற்கக் கூடாது. மிதித்தான். வீடு நெருங்கியது. மிதித்தான். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். பார்க்கக் கூடாது. வாசல் வந்தது. வாசல் கடந்தது.

வண்டி லேசாகியது.

இருந்தாற்போலிருந்து. காற்றுப் போல. முன்சக்கரம் துள்ளியது. மிதிகட்டை தானாகச் சுழன்றது. அவன் புழுதியில் விழுந்தான். விழுந்தபடியே திரும்பினான்.

ஏசுபாதம் சுவரோடு சுவராக ஒட்டி நின்றிருந்தான். ஞானசுந்தரி நிலையோரம் ஒதுங்கியிருந்தாள், ஏன் ஒதுங்கினோம் என்று தெரியாதவள் போல. அவள் கையிலிருந்த குழந்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் தலை தெருவிலிருந்து வீட்டுக்குள் திரும்பியது. மறுபடி தெருவுக்கு வந்தது. மறுபடி உள்ளே திரும்பியது. ஒவ்வொரு முகமாக. வெகுநேரம்.

பிறகு அது உள்ளே பார்த்துச் சிரித்தது. இரண்டு கைகளையும் நீட்டியது.

ஞானசுந்தரியின் கைகள் ஏந்தியபடியே இருந்தன. குழந்தை அவற்றிலிருந்து மெல்ல எழும்பி, கக்கத்தில் யாரோ கை கொடுத்துத் தூக்கியது போல் தோள்கள் குறுகி, இருட்டான வீட்டுக்குள் கைமாறிக் கைமாறிப் போய்க்கொண்டிருந்தது.