மின்தூக்கி வாசலில் ஒருசந்தி

கிட்ட வாருங்கள் என் கண்ணுகளா. முட்டி வலிக்கிறவர்கள் நாற்காலியில் உட்காருங்கள், காலை நீட்டிக்கொண்டாலும் எனக்குக் குறையில்லை. இன்னும் வராத ஒரு காலத்தின் கதையை உங்களுக்குச் சொல்லப்போகிறேன். இனிப்பான கதை இல்லை. சொல்லும்போதே எனக்கு வயிறு எரியும். ஆனாலும் பாதியில் எழுந்து போகாமல் கேளுங்கள்.

கடல் ஊருக்குள் ஏறி வந்த பிறகு, தூத்துக்குடிக் கரைச் சனங்களையெல்லாம் உயர்ந்த அடுக்குமாடிகளில் ஏற்றிவிட்டார்கள். அதில் ஒன்றுக்கு அலைமேடு என்று பெயர். அங்கே விடிந்ததும் முதல் வேலை, மின்தூக்கி வாசலில் தரையோடு பதித்திருக்கும் எடைப்பலகையில் ஏறி நிற்பது. ஜெபமாலை செருப்பைக் கழற்றிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறுவாள். மூச்சைப் பிடித்தால் எடை குறையும் என்று எந்த விஞ்ஞானமும் சொல்லவில்லை. ஆனாலும் அலைமேட்டில் எல்லோரும் பிடித்தார்கள்.

"அன்புக்குரிய மூத்தவரே, உங்கள் எடை இறங்கியுள்ளது. வாழ்த்துகள்" என்றது கணினிக்குரல். கதவு திறந்தது.

அவளுக்குப் பின்னால் நின்ற லூர்து மதினிக்குத் திறக்கவில்லை. "படிக்கட்டு உங்கள் நண்பன்" என்று மட்டும் சொன்னது.

லூர்து, ஜெபமாலையின் புருஷனுக்கு மூத்த அக்காள். புருஷன்மார் போய்ச் சேர்ந்த பிறகு இரண்டு பெண்களும் தரைத்தளத்தில் அடுத்தடுத்த வீட்டில் இருந்தார்கள். இருவருக்கும் முழங்கால் தேய்ந்துவிட்டது. எலும்போடு எலும்பு உரசும் சத்தம் தனக்கே கேட்கிறது என்பாள் லூர்து. முட்டி தேய்ந்தவர்கள் எல்லோருக்கும், மூட்டில் இறங்கும் சுமையை அளந்து சொல்லும் ஒரு பட்டையைக் காலில் மாட்டி, நிர்வாகம் ஒரு சட்டம் போட்டிருந்தது. அவரவருக்குக் குறித்த அளவுக்கு எடை இறங்கினால் மின்தூக்கி ஏற்றிக்கொள்ளும். இறங்காவிட்டால் படியேறி எடையைக் குறைக்க வேண்டும்.

"நீ போ ஜெபமால. நான் இங்கனயே நடந்துக்கிடுதேன்."

"எதப் பிடிச்சி நடப்பீக மயினி? சொவரையா?"

"சொவரு என்னைப் பாத்து மூத்தவரேன்னு கொஞ்சாதுல்லா. அதுவரைக்கும் நிம்மதி."

மொட்டைமாடியில் ஒரு வெந்நீர்க் குளம் இருந்தது. நெஞ்சளவு தண்ணீரில் நின்றால் உடம்பின் பாரம் முட்டியில் இறங்காது. இயன்முறை மருத்துவர் ஷெரின் கரையில் நின்று சொல்லச் சொல்ல, பெண்கள் காலைத் தூக்குவார்கள், மடக்குவார்கள், பின்பக்கமாக நடப்பார்கள். சட்டம் வருவதற்கு முன்னால் அந்தக் கூட்டத்துக்கே லூர்துதான் ராணி. அவள் சிரிப்பில் தண்ணீர் கரையேறும். தண்ணீரில் நின்றால் வலி விடுகிறது, வலி விட்டால் நடக்கத் தோன்றுகிறது, நடந்தால் எடை இறங்குகிறது. இப்போதோ எடை இறங்கினால்தான் தண்ணீருக்கே விடுவேன் என்கிறது கதவு. இதை யோசித்தவன் ஒருநாளாவது முட்டியைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பானா?

தவக்காலம் வந்தது. லூர்து ஒருசந்தி பிடித்தாள். பகலில் ஒரே ஒரு வேளைச் சாப்பாடு, அதுவும் கறியோ மீனோ இல்லாமல். வருசாவருசம் பிடிப்பதுதான். ஈஸ்டர் அன்று பந்தியில் தன் இலையில் விழுந்த கறியை அள்ளி ஜெபமாலையின் இலையில் வைத்தாள்.

"தின்னுட்டி. ஒனக்குத்தான் எலும்பு கடிக்கப் பல்லிருக்கு."

பாசம் என்று நினைத்து ஜெபமாலை தின்றாள். அதன் பிறகு மாதங்கள் போயின. லூர்துவின் சட்டை தோளில் தொங்கியது. "நல்லா மெலிஞ்சிட்டீக மயினி" என்று இவள் சந்தோசப்படத்தான் செய்தாள். ஒருசந்தி இருக்கிறாயா, முடித்துவிட்டாயா என்று அந்தச் சனத்தில் ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்கமாட்டாள். அது அவளுக்கும் ஆண்டவருக்கும் நடுவில் உள்ளது. அந்த மரியாதையில்தான் ஜெபமாலை ஏமாந்துபோனாள்.

ஆடிக் காற்று அடித்த ஒரு காலையில் லூர்துவுக்குக் கதவு திறந்தது. கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி தலையைச் சீவிக்கொண்டு மேலே போனாள். குளத்தின் விளிம்பு கணுக்கால் உயரம்தான். அதைத் தாண்டக் காலைத் தூக்கினாள். தொடை வெடவெடவென்று ஆடியது. அப்படியே மடங்கி விழுந்தாள்.

"மூட்டின் சுமை குறைந்துள்ளது. வாழ்த்துகள்" என்றது காலில் இருந்த பட்டை.

ஷெரின் ஓடிவந்து தொடையைப் பிடித்துப் பார்த்தாள். "சதையே இல்லையே. முட்டியத் தாங்குறதே இந்தச் சதைதான். என்ன சாப்பிடுறாங்க இவங்க?"

"ஒருசந்தி" என்றாள் லூர்து, கண்ணை மூடியபடி.

"ஈஸ்டர் முடிஞ்சி ஆடி வந்தாச்சே மயினி."

"ஆண்டவரு உயிர்த்துட்டாரு, ஜெபமால. நான் தண்ணிக்கு வரணும்லா."

ஜெபமாலைக்குத் தன் இலையில் விழுந்த கறித்துண்டுகள் நினைவுக்கு வந்தன. ஷெரினைத் திரும்பிப் பார்த்தாள்.

"இந்தச் சட்டம் ஒங்க யோசனையா தாயி?"

"பாதி எனக்குள்ளதுதான்" என்றாள் ஷெரின். குரல் இறங்கிப்போயிருந்தது. "எடையும் குறையணும், கால் பலமும் ஏறணும், ரெண்டும் சேந்தாத்தான் முட்டி தேறும்னு எழுதிக் குடுத்தேன். கதவுக்கு எடைய மட்டுந்தான் பாக்கத் தெரியும். அத மட்டும் எடுத்துக்கிட்டாங்க."

"மீதிப் பாதி இந்தா கெடக்கு. பாத்துக்கிடுங்க."

லூர்துவைச் சக்கர நாற்காலியில் கீழே கொண்டுவந்தார்கள். ஷெரின் சொன்னபடி ஜெபமாலை அவளுக்குப் பருப்பும் மீனும் முட்டையும் ஊட்டினாள். உடம்பு கொஞ்சம் தேறியது. எடை ஏறியது. கதவு மறுபடி மூடிக்கொண்டது.

மறுநாள் காலை ஜெபமாலை மூச்சைப் பிடிக்காமல் பலகையில் ஏறினாள். கதவு திறந்ததும் உள்ளே போகவில்லை. லூர்துவின் நாற்காலியைத் தள்ளிக் கதவுக்கு நடுவில் நிறுத்தினாள். பக்கத்திலேயே தனக்கும் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, மீன்குழம்புச் சட்டியோடு உட்கார்ந்தாள்.

"அன்புக்குரிய மூத்தவரே, கதவு மூடவேண்டும். விலகி நிற்கவும்."

"வெலகுனது போதும்" என்றாள் ஜெபமாலை, சோற்றைப் பிசைந்தபடி.

சேதி தெரிந்து மற்றப் பெண்களும் நாற்காலிகளை இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஷெரின் படிவழியே இறங்கிவந்து எதிரில் நின்றாள். "உக்காந்தபடியே காலை நேரா நீட்டுங்க. அப்படியே பிடிங்க. மெதுவா எறக்குங்க." வாசல் முழுக்கக் கால்கள் நீண்டன. லூர்துவின் கால் பாதிவரை வந்து நடுங்கியது. கீழே விழாமல் ஜெபமாலை குதிகாலைக் கையில் ஏந்திக்கொண்டாள்.

மேல் தளத்திலிருந்து நிர்வாகத்துக்காரர் ஒலிபெருக்கியில் வந்தார். "அம்மா, இருக்கறதே ஒரு மின்தூக்கி. நாங்க எப்படி எறங்குறது?"

"படி இருக்குல்லா, எறங்குங்க" என்றாள் ஜெபமாலை. "அது ஒங்க நண்பனாம்."

லூர்து சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பு மின்தூக்கிக் குழாய் வழியே மொட்டைமாடிவரை ஏறியது.

பொழுது சாய்வதற்குள் எடைப்பலகையைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த வயதில் போன சதை கூப்பிட்டதும் திரும்பி வருவதில்லை. லூர்து தன் காலால் அந்த விளிம்பைப் பிறகு தாண்டவே இல்லை. தினமும் காலையில் ஜெபமாலையும் மற்றப் பெண்களும் அவளைத் தூக்கித்தான் தண்ணீரில் இறக்கினார்கள். இறக்கும்போதெல்லாம் ஜெபமாலை பல்லைக் கடித்துக்கொள்வாள். அவள் கைக்குத் தெரியும், எவ்வளவு கனமான ஒருத்தியை எவ்வளவு லேசாக்கிவிட்டார்கள் என்று.

கதை அவ்வளவுதான், என் தங்கங்களா. உங்கள் வீட்டு உலையில் அரிசி குறையாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டு மூத்தவர்களின் காலில் பலம் நிற்கட்டும், அது தளர்கிற நாளில் தாங்கப் பக்கத்தில் ஒரு கை இருக்கட்டும். யார் வந்தாலும் எடைபோட்டுப் பார்க்காமல் உங்கள் வீட்டுக் கதவு திறக்கட்டும்.